வீழ்மீனுக்கு யார் சான்று?

வானத்து மீன் எரிந்து விழக் கண்டால் வாய் திறக்கக் கூடாதாம். பச்சை மரத்தைப் பார்க்க வேண்டுமாம். பூவின் பெயர் சிலவற்றை முணுமுணுக்க வேண்டுமாம். கண்ட காட்சியை அங்கேயே மறந்துவிட வேண்டுமாம். பிறரிடம் சொன்னால் சொன்னவருக்கும் தீங்கு, கேட்டவருக்கும் தீங்காம்! பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குப் புகட்டிவந்த பாடம் இது. ஊருக்கு ஊர் சொல் மாறும், மரம் மாறும், பூ மாறும். மாறாதது ஒன்று உண்டு, அதுதான் வாய்ப்பூட்டு.

எரிமீன் தீக்குறி என்னும் அச்சத்தைச் சாடி எழுதியோர் பலர். விண்ணிலே கொள்ளி வீழ்ந்தால் மண்ணிலே மன்னன் மடிவான் என்ற மடமையை விரட்ட இன்று பெரும் படையெடுப்புத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளையின் பாடநூல் போதும். ஆனால் அச்சம் அகன்ற பின்னும் பூட்டு அகலவில்லையே, ஏன்? வரப்பிலே நின்றவர் வானத்திலே பேரொளி ஒன்றைப் பார்க்கிறார். தீங்கு வரும் என்று அவர் நடுங்கவில்லை. ஆயினும் காலையில் எவரிடமும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. "நான் சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?" என்கிறார். ஆம், பூட்டுகள் இரண்டு. ஒன்றை உள்ளிருந்து அச்சம் பூட்டியது. மற்றொன்றை வெளியிலிருந்து சமுதாயம் பூட்டியது. கண்டவன் கடமை என்ன, அவன் சொல்லைக் கேட்பவன் கடமை என்ன என்ற இரு கேள்விகளையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரவு வானத்தை யார் பார்க்கிறார்கள்? மாடியிலே விளக்கெரிய வீற்றிருப்போர் பார்ப்பதில்லை. தஞ்சைத் தரணியிலே மலை மறைப்பதில்லை. திருவையாற்றிலிருந்து வேதாரணியம் வரை மண் தட்டையாகக் கிடக்கிறது. வானம் நாற்புறமும் வயலின் விளிம்புவரை இறங்கி வருகிறது. அந்த வானத்தின் கீழ், நள்ளிரவில் மண்வெட்டியைத் தோளிலே சாய்த்துக்கொண்டு மடை திருப்பப் போகிறவர் பார்க்கிறார். நாகைக் கடலில் வலை வீசுகிறவர் பார்க்கிறார். சம்பா அறுவடை முடிந்த தை, மாசித் திங்களில், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலிலே குவித்த நெல்லுக்குப் பக்கத்தில் தார்ப்பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எடை போடும் முறை எப்போது வரும் என்று விழித்துக் கிடக்கிறாரே, அந்த உழவர் பார்க்கிறார். வியப்பு என்னவெனில், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாலைப் பொழுதுகளில்தான் பேரொளி எரிமீன்கள் மற்ற மாதங்களைவிடச் சற்றுக் கூடுதலாகத் தோன்றுவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். உழவர் திறந்த வெளியிலே நெல் காக்கும் காலமும் அதுவே.

நம் இலக்கியத்திலும் எரிமீன் பங்குனியிலேதான் விழுகிறது! புறநானூற்றின் 229ஆம் பாட்டைப் படித்தவர்கள் இதை அறிவர். கூடலூர் கிழார் என்னும் புலவர் விண்ணிலிருந்து மீன் ஒன்று வீழக் கண்டார். சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறைக்கு இது ஆகாதே என்று அஞ்சினார். ஏழாம் நாள் மன்னன் மறைந்தான். அரசனுடைய யானை துதிக்கையை நிலத்திலே கிடத்திக் கிடந்தது, முரசு உருண்டது, குடை முறிந்தது, குதிரை நடை மறந்தது என்று நெஞ்சுருகப் பாடினார்.

இப்பாட்டைக் காட்டி, "பார்த்தீர்களா, பண்டைத் தமிழரும் நம்பினர்" என்று முழங்குவோர் உண்டு. "பழம்புலவரும் மூடநம்பிக்கையில் மூழ்கியவரே" என்று தள்ளிவிடுவோரும் உண்டு. இருவரும் பாட்டின் முற்பகுதியைப் பாராமல் தாண்டிவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். புலவர் என்ன செய்திருக்கிறார், பாருங்கள். திங்கள் பங்குனி என்கிறார். பொழுது நள்ளிருள் என்கிறார். அவ்வேளையில் எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மேற்கே மறைந்தது என்று குறிக்கிறார். வீழ்ந்த மீன் கிழக்கேயும் செல்லவில்லை, வடக்கேயும் செல்லவில்லை என்று திசை சொல்கிறார். நிலத்துக்கு விளக்குப் போல ஒளி பரப்பியது என்று அதன் அளவைச் சொல்கிறார். தாம் மட்டும் காணவில்லை, தம்மைப் போன்ற இரவலர் பிறரும் கண்டனர் என்று உடன்கண்டோரையும் சேர்த்துக்கொள்கிறார். இன்றைய வானியலார் ஒருவர் எரிமீன் கண்டவரிடம் எதையெதைக் கேட்பாரோ, அவற்றுள் பெரும்பாலானவற்றைக் கேளாமலே கூறியிருக்கிறார் கிழார்! சான்றாளர் என்ற முறையில் அவரிடம் குற்றம் காண இயலாது.

அடுத்த அடியிலேதான் இடறல். கண்டதோடு காணாத ஒன்றையும் சேர்த்தார். மீன் வீழ்ந்ததைக் கண்டார். மன்னன் மறைவை அதன் விளைவாகக் கருதினார். இதிலே அன்பு இருக்கிறது, அதை ஏளனம் செய்ய என் மனம் ஒப்பவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். ஏழாம் நாள் மன்னன் நலமாக எழுந்து அவைக்கு வந்திருந்தால் அந்தப் பாட்டு பிறந்திருக்குமா? பிறந்திராது. மன்னர் சாகாத எத்தனையோ இரவுகளில் எத்தனையோ மீன்கள் வீழ்ந்தன. அவற்றுக்குப் பாட்டில்லை, ஏடில்லை. மீன் வீழாமலே மன்னர் எத்தனையோ பேர் மாண்டனர். அதையும் எவரும் எண்ணி வைக்கவில்லை. பொருந்தியதை மட்டும் பொறுக்கியெடுத்துப் பொருந்தாததைப் புறத்தே தள்ளினால் எந்தக் குறியும் பலிக்கத்தான் செய்யும்.

இனி, வீழ்வது மீனா? அன்று. ஞாயிற்றைச் சுற்றித் திரியும் கல்லோ இரும்புத் துண்டோ, நொடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்துள் பாய்கிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒளிரத் தொடங்குகிறது. எதிர்ப்படும் காற்று இறுகிக் கொதிக்கிறது. கல்லின் மேற்புறம் உருகி ஆவியாகிறது. வெள்ளிக் கோளை மிஞ்சிய ஒளியுடன் எரிவதைத்தான் பேரொளி எரிமீன் என்கிறார்கள். முழுதும் தீராமல் ஏதேனும் மிஞ்சினால், 20 கிலோமீட்டர் உயரத்துக்கு அருகே வேகம் தளர்ந்து, ஒளி அவிந்து, கருநிற மெல்லோடு போர்த்த கல்லாக இருளிலே விழுகிறது. அந்த இறுதிப் பயணத்தை எவரும் காண்பதில்லை.

இங்கேதான் நேர்மையாளனும் ஏமாறுகிறான். "அதோ, அந்தப் பனை வரிசைக்குப் பின்னால் விழுந்தது, ஓடினால் எடுத்துவிடலாம்" என்கிறான். பொய் சொல்கிறானா? இல்லை. கண் அவனுக்கு அப்படித்தான் காட்டியது. அடிவானத்துக்கு மேலே 10 பாகை உயரத்தில் தெரிந்த ஒளி, 80 கிலோமீட்டர் உயரத்தில் எரிந்திருக்குமானால், அது இருந்த இடம் அவனிடமிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவு! தஞ்சையில் நின்று கிழக்கே பார்த்தவனுக்குப் பனை மரத்தின் பின்னே விழுந்தது, உண்மையில் நாகையையும் தாண்டி வங்கக் கடலின் மேல் எரிந்தது. "பனை வரிசைக்கு மேலே, இவ்வளவு உயரத்தில், இந்தப் பக்கமாக இறங்கி மறைந்தது" என்பது சான்று. "பனைக்குப் பின்னால் விழுந்தது" என்பது ஊகம். சான்றுக்கும் ஊகத்துக்கும் இடையே மயிரிழைதான் இடைவெளி. ஆயினும் அதைத் தாண்டாமல் நிற்பதற்கு ஒழுக்கம் வேண்டும்.

ஒருவன் கண் எட்டாத உண்மையை இருவர் கண் எட்டும். 1798இல் செர்மனி நாட்டின் கெட்டிங்கன் நகரத்து மாணவர் இருவர், பிராண்டெசும் பென்சன்பெர்க்கும், சில கல் தொலைவு பிரிந்து நின்று ஒரே எரிமீன்களை ஒரே நேரத்தில் குறித்தனர். இருவர் குறிப்பையும் ஒட்டிப் பார்த்து உயரத்தைக் கணக்கிட்டனர். எரிமீன்கள் முகிலுக்கு மிக மேலே, பல பத்துக் கல் உயரத்தில் எரிகின்றன என்பது தெளிவாயிற்று. பெரிய கருவியா? இல்லை. நான்கு கண்கள், இரண்டு குறிப்பேடுகள். மன்னார்குடியில் ஒருவரும் கும்பகோணத்தில் ஒருவரும் கண்டு, கண்ட திசையைப் பிழையின்றிச் சொன்னால் இன்றும் அதே கணக்கு நடக்கும். "சொல்லாதே" என்று வாயை அடைத்த வழக்கம் என்ன செய்தது, தெரிகிறதா? தனித்தனியே கண்டவர்களைத் தனித்தனியாகவே வைத்தது. ஒருவர் கண்டதை மற்றவர் கண்டதோடு வைத்துப் பார்க்க வழியில்லாமல் செய்தது.

கண்டவன் கடமை இது என்றால், கேட்பவன் கடமை?

பிரான்சு நாட்டிலே 1768ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் லூசே என்னும் ஊருக்கருகே வயலிலே பாடுபட்டோர் இடியோசை கேட்டனர். கல் ஒன்று விழக் கண்டனர். கல் பாரிசு அறிவியற் கழகத்துக்குப் போயிற்று. ஆராய்ந்த குழுவில் இருந்தவர் யார்? புதிய வேதியலின் தந்தை என்று போற்றப்படும் லவாசியே! வானிலிருந்து கல் விழவில்லை, தரையிலே கிடந்த கல்லை மின்னல் தாக்கியது என்று முடிவுரைத்தது குழு. உழவர் கண்டது கணக்கில் ஏறவில்லை. பேரறிவாளர் பேதையர் ஆயினர் என்று நான் எள்ளவில்லை. மடமையை எதிர்க்கப் புறப்பட்டவர்கள் அவர்கள். பாமரன் சொல்வதெல்லாம் மடமையே என்று எண்ணியதுதான் அவர்கள் சறுக்கிய இடம். பகுத்தறிவு பேசும் நாமும் அடிக்கடி நின்று பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

1794இல் கிளாட்னி என்னும் செர்மானியர் இப்போக்கை எதிர்த்து நூல் எழுதினார். சட்டம் பயின்றவர் அவர். பல நாடுகளில், பல காலங்களில், ஒருவரையொருவர் அறியாதோர் கூறிய சான்றுகளை அடுக்கி, இவை ஒத்திருப்பது ஏன் என்று நீதிமன்ற வழக்கைப் போல ஆராய்ந்தார். ஏளனமே மிகுதியாகக் கிடைத்தது.

வழக்கு திரும்பியது எங்கே? காசியிலே! காசி என்றதும் பலருக்குக் கங்கையும் கோபுரமும் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது ஒரு காவற்காரன் குடிசை. 1798ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள் இரவு, முகிலற்ற வானிலே நெருப்புருண்டை தோன்றி, காசிக்கருகே கிராக்குட் என்னும் சிற்றூரில் கற்கள் வீழ்ந்தன. அங்கே வாழ்ந்த வெள்ளையர் ஒருவரின் வீட்டுக் காவற்காரன், தன் குடிசைக் கூரையைப் பிளந்து தரையிலே புதைந்த கல்லை மறுநாள் காலை எடுத்துவந்து கொடுத்தான். உடையும் முன் அது இரண்டு பவுண்டுக்கு மேல் இருந்திருக்கும் என்று, அவன் சொன்னதை வைத்தே எழுதினார் ஜான் லாயிடு வில்லியம்சு என்னும் ஆங்கிலேயர். அந்தக் கற்களை இங்கிலாந்து, இத்தாலி, பொகீமியா நாடுகளில் விழுந்த கற்களோடு ஒப்பிட்டு எட்வர்டு ஹோவர்டு 1802இல் ஆய்வுரை வெளியிட்டார். நாடுகள் வேறு, கற்களின் இயல்போ ஒன்று! அவற்றின் இரும்பிலே நிக்கல் கலந்திருந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26இல் பிரான்சிலே லெகில் என்னும் ஊரைச் சுற்றி ஏறத்தாழ 3,000 கற்கள் கொட்டின. அரசு அனுப்பிய இளம் அறிஞர் பியோ, ஊர் ஊராக நடந்து, தொழிலும் நிலையும் வேறுபட்ட மக்களைத் தனித்தனியே கேட்டு எழுதினார். ஐயம் அத்துடன் ஒழிந்தது.

பழந்தமிழில் சான்றுக்குக் கரி என்றொரு பெயர் உண்டு. எரிந்து கறுத்து மண்ணிலே கிடக்கும் கல்லும் கரி. அது விழக் கண்டவனும் கரி. காசிக் காவற்காரன் இரண்டையும் கொண்டுவந்தான். அறிக்கையிலே அவனுடைய எசமானர் பெயர் இருக்கிறது. அவன் பெயர் இல்லை.

இது வானத்தோடு நிற்கும் பேச்சா? தஞ்சை மண்ணிலே நின்று சான்று பற்றிப் பேசுகிறவன் கீழ்வெண்மணியைத் தாண்டிப் போக முடியாது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் அந்தச் சேரியிலே 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டனர். கண்டவர் இருந்தனர், கண்டதைச் சொன்னார்கள். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் விடுதலை அளித்தது. பெருநிலம் படைத்த செல்வர்கள் தாமே நடந்துபோய்க் குடிசைகளுக்குத் தீ வைத்திருப்பர் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பிலே கண்ட காரணங்களுள் ஒன்று. கூலியாளின் கண்ணைவிடச் செல்வரின் நிலைக்கு எடை மிகுதி! வானிலிருந்து கல் விழாது என்ற பாரிசுக் குழுவுக்கும் இதற்கும் இடையே இரு நூற்றாண்டு. ஆனால் தராசு ஒன்றே. சொன்னது என்ன என்று நிறுக்காமல், சொன்னவன் யார் என்று நிறுக்கும் தராசு.

நம் தமிழகத்துக் கல் ஒன்றின் கதையும் உண்டு. 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் நண்பகலில், இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துப் பெருநாழிப் பக்கம் இரண்டு கற்கள் வீழ்ந்தன. இரண்டும் சேர்த்து 70 கிலோவுக்கு மேல். பெரியது இன்று இலண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வானியலார் அதை மிகவும் மதிக்கின்றனர். ஞாயிற்றுக் குடும்பம் உருவான நாளின் சிறு உருண்டை மணிகள் பெரிதும் கெடாமல் அதிலே இருக்கின்றன. ஏறத்தாழ 456 கோடி ஆண்டுப் பழமை! உலக நூல்களிலே அக்கல்லின் பெயர் பர்னல்லி. பெருநாழிக்காரர் ஒருவர் அப்பெயரைப் படித்தால் தம் ஊர் என்று அறிந்துகொள்வாரா என்பது ஐயமே.

கேட்பவர் மிகையாக நம்பிய கதையும் அண்மையிலே நடந்தது. 2016ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள், அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளியருகே கல்லூரி வளாகம் ஒன்றில் வெடிப்பு நிகழ்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசே அறிவித்தது. உலக ஏடுகள் பரபரத்தன. ஆனால் வானிலே ஒளி கண்டவர் யார்? பட்டப்பகலிலும் தெரியும் பேரொளியையும், மாவட்டம் முழுதும் கேட்க வேண்டிய முழக்கத்தையும் பற்றிப் பலர் சொன்ன சான்று எங்கே? படங்களைப் பார்த்த அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்து அறிஞர்கள், இது தரையிலே நிகழ்ந்த வெடிப்பைப் போல் இருக்கிறது என்றனர். இறந்தவரோ ஓர் உழைப்பாளி. அவர் எப்படி இறந்தார் என்பதை அறிய அவர் குடும்பத்துக்கு உரிமை உண்டு. வானத்தின்மீது பழியைப் போட்டால் தரையிலே எவரும் விடை சொல்ல வேண்டியதில்லை. விதி என்று சொல்லி வாயை அடைப்பதற்கும் விண்கல் என்று சொல்லி வாயை அடைப்பதற்கும் அந்தக் குடும்பத்தின் வாசலில் நின்று பார்த்தால் வேறுபாடு தெரியாது. அறிவியற் சொல்லும் சான்றின்றிச் சொன்னால் சோதிடமே!

எரிமீனைக் கண்டு வாய்மூடி நிற்பதால் என்ன நட்டம் என்று கேட்போர் உளர். 2013ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் காலை, உருசியாவின் செல்யாபின்சுக் நகர்மேல் 20 மீட்டர் அளவுள்ள பாறை ஒன்று வெடித்தது. ஞாயிற்றை மிஞ்சிய ஒளி! என்ன அது என்று மக்கள் கண்ணாடிச் சாளரத்தருகே ஓடினர். ஒளி உடனே வரும். அதிர்ச்சி அலை மெல்லத்தான் வரும். 30 கிலோமீட்டர் உயரத்து வெடிப்பின் ஓசை நேர் கீழே நிற்பவரை எட்டவே ஒன்றரை நிமிடம் ஆகும். அலை வந்தபோது கண்ணாடிகள் நொறுங்கின. ஏறத்தாழ 1,500 பேர் காயமுற்றனர். பெரும்பாலோர் கண்ணாடிச் சில்லுகளால். பள்ளி ஆசிரியை ஒருவர் ஒளியைக் கண்டதும், காரணம் தெரியாமலே, பிள்ளைகளை மேசைக்கடியில் பதுங்கச் சொன்னார். பிள்ளைகள் தப்பினர், அவர் காயமுற்றார். பேரொளிக்குப் பின் சில நிமிடம் சாளரத்தை அணுகாதே என்பதைப் பாட்டிமார் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம். பச்சை மரத்தைவிடப் பயன்படும்.

ஆகவே அடுத்த தையிலோ பங்குனியிலோ, கொள்முதல் நிலையத்து வாசலிலே நெல்லுக்குக் காவல் கிடந்தவர் ஒருவர், "நேற்று இரவு வானத்திலே ஒன்றைப் பார்த்தேன்" என்று தொடங்கினால், படித்தவர்கள் சிரிக்க வேண்டாம். விளக்கவுரையும் உடனே தொடங்க வேண்டாம். முதலிலே கேளுங்கள். எந்தப் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தார்? எங்கே தோன்றி எங்கே மறைந்தது? மறைந்த இடம் எந்த மரத்துக்கு மேலே, கை நீட்டிப் பார்த்தால் எத்தனை விரற்கடை உயரம்? என்ன நிறம்? துண்டாக உடைந்ததா? முழக்கம் கேட்டதா, கேட்டதென்றால் ஒளி மறைந்து எவ்வளவு நேரம் கழித்து? மணி தெரியாதென்றால், மன்னார்குடி போகும் கடைசிப் பேருந்து போவதற்கு முன்பா பின்பா என்றாவது சொல்வார். பன்னாட்டு எரிமீன் அமைப்பின் இணையப் படிவத்திலே இவற்றை எவரும் பதிவு செய்யலாம். கையிலே பேசி வைத்திருக்கும் இளைஞர் ஒருவர் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். கல்லே கிடைத்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். மஞ்சள் பூசி மரத்தடியில் நட்டுவிடக் கூடாது. எல்லாவற்றையும் எழுதியபின், கண்டவர் பெயரையும் ஊரையும் கேட்டு, எழுத்துப் பிழையின்றி எழுதிக்கொள்ளுங்கள்.